மேற்குப் பார்த்த வாசலுக்கு என்ன செடி வைக்கலாம்?

திண்ணையை ஒட்டிச் செடி வைக்க வேண்டும், முன்அனுபவம் இல்லை என்கிறீர்கள். மேற்கு வாசல் என்றால் பிற்பகல் வெயில் நேரே விழும். செம்பருத்தியும் இட்லிப்பூவும் அதைத் தாங்கும்.

இட்லிப்பூவுக்குச் சற்றே அமிலத்தன்மையுள்ள மண் வேண்டும். வீடு கட்டியபோது கொட்டிய சிமெண்டும் சுண்ணாம்பும் சுவரடியில் புதைந்திருந்தால், இலை நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, மற்ற பகுதி மஞ்சளாகிவிடும். உரத்துக்குச் செலவழிக்கும் முன் அந்த மண்ணைத் தோண்டி எறிந்துவிட்டு, செம்மண்ணும் மட்கிய எருவும் நிரப்புங்கள்.

சுவரிலிருந்து 3 அடியாவது தள்ளி நடுங்கள். நர்சரியில் முழங்கால் உயரம் இருக்கும் செம்பருத்தி ஆள் உயரத்தைத் தாண்டும். பையைக் கிழித்து, வேர்மண் உடையாமல், பையில் இருந்த ஆழத்திலேயே வையுங்கள். ஆழப் புதைத்தால் தண்டு அழுகும். அரளி அழகுதான், ஆனால் முழுச் செடியும் நஞ்சு. குழந்தைகள் உள்ள வீட்டு வாசலில் அது வேண்டாம்.