ஏசி மெக்கானிக் வேலையை ஆன்லைனில் படிக்கலாமா?

அண்ணே, மகள் தொலைநிலைக் கல்வியில் ஏசி மெக்கானிக் டிப்ளமோ சேர ஆசைப்படுகிறாள், போனைப் பார்த்துக் கைத்தொழில் வருமா என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான பயம்.

ஆத்தங்குடிக் கல் போடுகிறவர் நீங்கள். கண்ணாடி மேல் அச்சை வைத்துக் கலர் ஊற்றுவதை வீடியோவில் யாரும் பார்த்துக்கொள்ளலாம். கலவையின் பதம் மட்டும் கைக்குத்தான் தெரியும். ஏசி வேலையும் அப்படியே. காப்பர் குழாயின் வாயை விரிக்கும்போது கொஞ்சம் கூடுதலாக முறுக்கினால் விளிம்பு கீறிவிடும். பிறகு அந்த இடத்தில்தான் கேஸ் கசியும். எவ்வளவு முறுக்க வேண்டும் என்பது நாலு குழாயைக் கெடுத்த பிறகே பிடிபடும்.

அதனால் முதலில் படிப்பு நடத்தும் நிறுவனத்திடம் செய்முறை வகுப்பைப் பற்றிக் கேளுங்கள். எத்தனை நாள், எந்த ஊரில், ஒரு மெஷினுக்கு எத்தனை பிள்ளைகள்? முடிந்தால் அந்தப் பட்டறையை நேரில் போய்ப் பாருங்கள். தேவகோட்டைப் பக்கத்துத் தம்பி ஒருவர் இதைக் கேட்காமல் முழுப் பணத்தையும் கட்டிவிட்டு என்னிடம் வந்தார். வீடியோக்கள் நிறைய இருந்தன. ஆனால் ஒரு வருடத்தில் ஸ்பேனரைத் தொடக்கூட வாய்ப்பு வரவில்லை. இன்றும் எனக்கு அது மனத்தை அறுக்கிறது.

பாடம் நடத்தும் விதத்தையும் சோதிக்கலாம். ஆன்லைன் பட்டப்படிப்புக்கு யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2020 விதிகள் நான்கு அம்சங்களைக் கேட்கின்றன: வீடியோ பாடம், படிக்கும் பாடம், சந்தேகம் கேட்கும் இடம், தன்னைத்தானே சோதிக்கும் தேர்வு. தொழிற்படிப்புக்கும் இதே அளவுகோலை வைத்துப் பார்க்கலாம். என் அனுபவத்தில் சந்தேகம் கேட்கும் இடத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள். ஒரு மாதிரி வகுப்புக் கேட்டு வாங்குங்கள். வழக்கமாக அவள் படிக்கும் நேரத்தில், உங்கள் வீட்டு சிக்னலில், அவள் போனிலேயே ஓடவிடுங்கள். தமிழில் ஒரு சந்தேகம் அனுப்பச் சொல்லுங்கள். பதில் யாரிடமிருந்து, எத்தனை நாளில் வருகிறது என்று குறித்து வையுங்கள். வீடியோவை இறக்கி வைத்துக்கொள்ள முடியுமா என்றும் பாருங்கள். தினசரி டேட்டா தீர்ந்தால் பாடம் பாதியில் நிற்கக் கூடாது.

சான்றிதழ் தருவது யார், தொழிற்கல்விக்கான மத்திய அரசு அமைப்பான என்சிவிஇடியின் அங்கீகாரம் உண்டா என்பதை ஏஜென்ட் வாயால் கேட்காதீர்கள், அந்த அமைப்பின் இணையதளத்தில் நீங்களே பாருங்கள்.

பெண்பிள்ளைக்கு எதற்கு ஸ்பேனர் என்று சொந்தக்காரர்கள் சொல்வதாக எழுதியிருந்தீர்கள். அதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். ஆசைப்பட்டுத் தொழிலைத் தேடி வரும் பிள்ளையைப் பார்ப்பதே எனக்குப் பெரிய சந்தோஷம்.

இந்தக் கேள்விகளுக்கெல்லாம் பதில் வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு காரைக்குடிக்கு வாருங்கள். பணத்தை அதுவரை கட்ட வேண்டாம்.