நடக்கிறேன், எடையும் குறைந்தது. எல்டிஎல் மட்டும் ஏன் இறங்கவில்லை?

கேள்வி: எனக்கு வயது 47. மூன்று மாதத்துக்கு முன் எடுத்த ரத்தப் பரிசோதனையில் மொத்த கொலஸ்ட்ரால் 242, கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்டிஎல் 156, நல்ல கொலஸ்ட்ரால் எனப்படும் எச்டிஎல் 44, ரத்தத்தில் உள்ள இன்னொரு கொழுப்பான டிரைகிளிசரைடு 210. அன்றிலிருந்து சர்க்கரையையும் முட்டை மஞ்சள் கருவையும் விட்டுவிட்டேன். தினமும் 40 நிமிடம் நடக்கிறேன். எடை 3 கிலோ குறைந்திருக்கிறது. மீன் எண்ணெய் மாத்திரை இரண்டு போட்டுக்கொள்கிறேன். பசித்தால் பிஸ்கட்டைத் தொடாமல் சீஸ் சாப்பிடுகிறேன். இப்போது டிரைகிளிசரைடு 140, எச்டிஎல் 46. எல்டிஎல் மட்டும் 154-லேயே நிற்கிறது. கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்தைத் தொடங்கலாம் என்கிறார் மருத்துவர். சிவப்பு ஈஸ்ட் அரிசி மாத்திரை எடுத்தால் ஸ்டாட்டின் தேவைப்படாது என்கிறார் நண்பர். சர்க்கரை நோய், இதய நோய் எதுவும் இல்லை. என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் உழைப்புக்குப் பலன் கிடைத்திருக்கிறது, ஆனால் டிரைகிளிசரைடில். சர்க்கரையை விட்டது, நடை, எடைக் குறைவு மூன்றும் சேர்ந்து அதை 210-லிருந்து 140-க்குக் கொண்டுவந்திருக்கின்றன. எல்டிஎல் இவற்றுக்கு அவ்வளவாக அசைந்து கொடுக்காது. அதைக் கீழே இழுப்பவை முக்கியமாக இரண்டு: நிறைவுற்ற கொழுப்பைக் குறைப்பது, கரையும் நார்ச்சத்தைக் கூட்டுவது. உங்கள் பட்டியலில் இரண்டுமே இல்லை. போதாததற்கு சீஸ் உள்ளே நுழைந்திருக்கிறது.

எல்டிஎல்லை ரத்தத்திலிருந்து எடுத்து அப்புறப்படுத்துவது கல்லீரல். நிறைவுற்ற கொழுப்பு அதிகமானால் கல்லீரல் செல்களின் மேல் எல்டிஎல்லைப் பிடிக்கும் ஏற்பிகள் குறைகின்றன. பிடிபடாதது ரத்தத்திலேயே சுற்றுகிறது. ஒரு நாளைக்கு 2000 கலோரி சாப்பிடுபவருக்கு நிறைவுற்ற கொழுப்பு 13 கிராமைத் தாண்டாமல் இருப்பது நல்லது. 30 கிராம் சீஸிலேயே சுமார் 6 கிராம் போய்விடும். ஒரு மேசைக்கரண்டி வெண்ணெயில் 7, அதே அளவு தேங்காய் எண்ணெயில் 11-க்கும் மேல். ஒரு மஞ்சள் கருவில் இருப்பதோ ஒன்றரை கிராம் சொச்சம்தான். மஞ்சள் கருவை விட்டுவிட்டுச் சீஸைப் பிடித்ததில் கணக்கு உங்களுக்கு எதிராகவே திரும்பியிருக்கிறது. பசித்தால் உப்பில்லாத கொட்டைகள் 30 கிராம் போதும். சமையலுக்குச் சூரியகாந்தி, சோயா, ஆலிவ் போன்ற எண்ணெய். கொழுப்பைக் குறைத்த இடத்தை மாவுப் பண்டங்களால் நிரப்பினால் டிரைகிளிசரைடு பழையபடி ஏறிவிடும், அதில் கவனம்.

அடுத்தது நார்ச்சத்து. கரையும் நார் குடலில் பித்த அமிலங்களைப் பிடித்து வெளியேற்றுகிறது. புதிதாகப் பித்தநீர் தயாரிக்கக் கல்லீரலுக்குக் கொலஸ்ட்ரால் வேண்டும். அதை ரத்தத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. ஓட்ஸிலும் பார்லியிலும் உள்ள பீட்டா குளுக்கான் நாளுக்கு 3 கிராம் சேர்ந்தால் எல்டிஎல் 5 சதவீதம் அளவுக்கு இறங்கும். 3 கிராம் என்றால் சமைக்காத ஓட்ஸ் ஏறக்குறைய 75 கிராம். பலர் இரண்டு கரண்டி ஓட்ஸைக் கஞ்சியாக்கிக் குடித்துவிட்டு ஒன்றும் நடக்கவில்லை என்பது இதனால்தான். சமைத்த பயறு வகை தினம் முக்கால் கோப்பை சேர்த்தால் இன்னும் கொஞ்சம் இறங்கும்.

இசப்கோல் உமியும் கரையும் நார்தான், விலக்கிவைக்க வேண்டியதல்ல. நாளுக்கு 10 கிராம் வரை நல்ல பலன் உண்டு. எடுத்தவுடன் 10 கிராம் போட்டால் வயிறு உப்பி, மூன்றாம் நாளே டப்பா அலமாரிக்குப் போய்விடும். முதல் வாரம் 3 கிராம், அடுத்த வாரம் 6, பிறகு முழு அளவு. ஒவ்வொரு முறையும் 250 மி.லி. தண்ணீரில் கலந்து உடனே குடிக்க வேண்டும். தண்ணீர் குறைந்தால் தொண்டையில் உப்பி அடைக்கலாம். வேறு மருந்து எதுவானாலும் 2 மணி நேரம் இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் அது உடலில் சேர்வது குறையும்.

காபி எப்படிப் போடுகிறீர்கள் என்று எழுதவில்லை. காகித வடிகட்டி இல்லாமல், தூளைக் கொதிக்கவைத்தோ அழுத்துக் குடுவையிலோ (பிரெஞ்ச் பிரஸ்) தயாரிக்கும் காபியில் கேஃபெஸ்டால் என்ற பொருள் தங்கி எல்டிஎல்லை ஏற்றும். காகிதம் அதைப் பிடித்துக்கொள்ளும்.

இனி மாத்திரைகள். சாதாரண 1000 மி.கி. மீன் எண்ணெய் மாத்திரையில் தேவையான ஒமேகா 3 சுமார் 300 மி.கி.தான். டிரைகிளிசரைடை இறக்க 2 முதல் 4 கிராம் வேண்டும். உங்கள் இரண்டு மாத்திரை எதையும் செய்திருக்காது. எல்டிஎல்லை அது குறைப்பதும் இல்லை. அளவைக் கூட்டினால் இதயத் துடிப்பு ஒழுங்கு தவறும் அபாயம் கூடுகிறது, ஆகவே நிறுத்திவிடலாம். தாவரங்களில் உள்ள, கொலஸ்ட்ராலைப் போன்ற பொருளான தாவர ஸ்டெரால் 2 கிராம், சாப்பாட்டோடு எடுத்தால் 8 சதவீதம்வரை குறைக்கும் என்பது பல ஆய்வுகளின் கணக்கு. ஆனால் 2022-இல் வெளியான ஒரு சோதனையில் மீன் எண்ணெய், பூண்டு, லவங்கப்பட்டை, மஞ்சள், தாவர ஸ்டெரால், சிவப்பு ஈஸ்ட் அரிசி ஆகிய ஆறையும் 28 நாள் கொடுத்துப் பார்த்தபோது, ஒன்றுகூட வெற்று மாத்திரையைத் தெளிவாக மிஞ்சவில்லை. அதே சோதனையில் ஸ்டாட்டின் வகை மருந்தான ரோசுவாஸ்டாட்டின் 5 மி.கி. எல்டிஎல்லை 38 சதவீதம் குறைத்தது.

நண்பர் சொன்ன சிவப்பு ஈஸ்ட் அரிசியில் வேலை செய்யும் மொனகோலின் கே, லோவாஸ்டாட்டின் என்ற மருந்தேதான். ஸ்டாட்டினுக்குப் பயந்து, அதே ஸ்டாட்டினை எவ்வளவு என்று தெரியாமல் விழுங்குவதாகும். தயாரிப்புக்குத் தயாரிப்பு அளவு மாறும். சிறுநீரகத்தைக் கெடுக்கும் சிட்ரினின் நச்சும் சிலவற்றில் கலந்திருக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் ஒரு நாள் அளவை 3 மி.கி.க்குக் கீழ் என்று கட்டுப்படுத்தியது. தசை வலி, கல்லீரல் பாதிப்பு எல்லாம் இதற்கும் உண்டு.

உணவை மேலே சொன்னபடி முழுமையாக மாற்றினால் எல்டிஎல் 15 முதல் 20 சதவீதம் இறங்குமென எதிர்பார்க்கலாம்: 154 என்பது 123 முதல் 131 வரை. மருத்துவர் வைத்திருக்கும் குறி 100-க்குக் கீழ் என்றால் 35 சதவீதம் வேண்டும். உணவு மட்டும் அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது கடினம். ரத்த அழுத்தம், புகைப் பழக்கம், பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இளவயதில் மாரடைப்பு வந்த வரலாறு இவற்றைப் பொறுத்தே அவர் குறி வைத்திருப்பார். என்ன குறி என்று கேளுங்கள். அவசரமில்லை என்று அவர் சொன்னால் 12 வாரம் இந்த உணவோடு இருந்து, அதே ஆய்வகத்தில் மறுபடி பாருங்கள். எல்டிஎல் 190-க்கு மேல் இருப்பவர்களும் மாரடைப்பு வந்தவர்களும் இப்படிக் காத்திருக்கக் கூடாது.

அடுத்த பரிசோதனையோடு, தைராய்டின் நிலையைக் காட்டும் டிஎஸ்எச் பார்த்தாயிற்றா என்றும் கேளுங்கள். தைராய்டு மந்தமாக இருந்தால் என்ன சாப்பிட்டாலும் எல்டிஎல் எளிதில் இறங்காது. அதைச் சரிசெய்தால் தானாகவே குறையும்.