டிஎல்ஏ மறுக்கப்பட்டால் என்ன செய்வது? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அக்கா, என் மகனுக்கு ஏழு வயது. அவனுக்கு ஓட்டிசம் இருப்பதாகக் குழந்தை வைத்தியர் போன வருடம் உறுதிப்படுத்தினார். அவருடைய கடிதத்தையும் இணைத்து, மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்குப் பிரித்தானிய அரசு தரும் டிஎல்ஏ (Disability Living Allowance) உதவித்தொகைக்கு விண்ணப்பித்தோம். "அதே வயதுப் பிள்ளைகளைவிட இவருக்குக் கணிசமான அளவு கூடுதல் கவனிப்புத் தேவைப்படவில்லை" என்று மறுத்துவிட்டார்கள். வைத்தியரே எழுதித் தந்த பிறகும் மறுக்கலாமா? கணவரோ, "விட்டுவிடு, நாலு பேருக்குத் தெரியவந்தால் பிள்ளைக்குத்தான் கெட்ட பெயர்" என்கிறார். படிவத்தின் பிரதியையும் அனுப்பியிருக்கிறேன்.
– ஒரு தாய், ஹரோ

பதில்: விடாதீர்கள் தங்கச்சி. முதலில் மறுப்புக் கடிதத்தில் உள்ள திகதியைப் பாருங்கள். அதிலிருந்து ஒரு மாதத்துக்குள் முடிவை மறுபரிசீலனை செய்யும்படி கேட்க வேண்டும். தொலைபேசியிலும் கேட்கலாம். ஆனால் எழுத்தில் கேட்டு, ஒரு பிரதியைக் கையில் வைத்திருப்பதே நல்லது. அதிலும் மறுத்தால், அடுத்த ஒரு மாதத்துக்குள் தீர்ப்பாயத்துக்கு மேன்முறையீடு செய்யலாம். கட்டணம் கிடையாது. உதவித்தொகை வழங்கும் திணைக்களத்தின் கீழ் வராத சுயாதீன அமைப்பு அது. மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லுங்கள், ஏற்பாடு செய்வார்கள்.

வைத்தியரின் கடிதம் அவசியம்தான், ஆனால் அது மட்டும் போதாது. ஓட்டிசம் என்ற ஒரு காரணத்துக்காக இந்தப் பணத்தைத் தருவதில்லை. அதே வயதுப் பிள்ளைக்கு ஒரு தாய் செய்வதற்கு மேலதிகமாக நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதைத்தான் பார்க்கிறார்கள். அதைப் படிவத்தில் நீங்கள் எழுதவில்லை. எனக்கு எழுதிய கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள்!

படிவத்தில் சாப்பாடு பற்றிய கேள்விக்கு "கொஞ்சம் உதவி வேண்டும்" என்று மட்டும் இருக்கிறது. எனக்கு எழுதியதோ இது: சோற்றில் கறி பட்டுவிட்டால் கோப்பையையே தள்ளிவிடுகிறான். நீல நிறக் கோப்பை கழுவாமல் கிடந்தால் அன்றைக்குச் சாப்பாடே இல்லை. ஒவ்வொரு வாயாக நீங்கள் ஊட்ட வேண்டியிருக்கிறது, முக்கால் மணி நேரம் பக்கத்திலேயே இருக்கிறீர்கள். ஏழு வயதுப் பிள்ளை தானே சாப்பிட்டுவிட்டு விளையாடப் போய்விடும். இந்த வித்தியாசத்தை அப்படியே எழுதுங்கள்.

இரவு பற்றிய கேள்விக்கு "நித்திரை குறைவு" என்று இரண்டே சொற்கள். ஆனால் அவன் இரண்டு மணிக்கு எழும்பிக் குளியலறைக் குழாயைத் திறந்துவிடுகிறான், முன்கதவுப் பூட்டை இழுக்கிறான், அதனால் நீங்கள் அவனுடைய அறை வாசலில் பாய் போட்டுப் படுக்கிறீர்கள். இது சின்ன விஷயமல்ல. வீட்டார் படுத்த பிறகு ஒரு தடவைக்கு மேல் எழும்பிக் கவனிப்பதும், ஒரே தடவை என்றாலும் சுமார் இருபது நிமிடமோ அதற்கு மேலோ கவனிப்பதும், ஆபத்து வராமல் விழித்திருந்து காவல் பார்ப்பதும் இரவுக் கவனிப்பில் சேரும். நாள் முழுக்க அடிக்கடி கவனிப்பது, அல்லது இப்படி இரவில் கவனிப்பது, இரண்டில் ஒன்றிருந்தால் நடுத்தர வீதம் கிடைக்கும். இரண்டும் இருந்தால் அதியுயர் வீதம். 2025-26 நிதியாண்டில் நடுத்தர வீதம் கிழமைக்கு 73.90 பவுண், அதியுயர் வீதம் 110.40 பவுண். இரண்டு சொற்களால் எவ்வளவு இழக்க நேர்கிறது, பாருங்கள்.

எங்கள் தாய்மாருக்குப் பிள்ளையைப் பற்றிக் குறையாக எழுத மனம் வருவதில்லை. நீங்களும் படிவம் முழுக்க அவன் கணக்கில் கெட்டிக்காரன், ரயில் நிலையங்களின் பெயரெல்லாம் மனப்பாடம் என்று எழுதியிருக்கிறீர்கள். வாசிக்க எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அந்தப் படிவம் கேட்பது வேறு. அவன் ரயில் மேடையில் கையை உதறிக்கொண்டு ஓடுவதும், நீங்கள் அவனுடைய மணிக்கட்டை விடாமல் பிடித்துக்கொண்டே நடப்பதும் அங்கே வர வேண்டும். ஐந்து வயதுக்கு மேல், பழக்கமில்லாத இடங்களில் மற்றப் பிள்ளைகளைவிட அதிக மேற்பார்வை தேவைப்பட்டால், இந்த உதவித்தொகையில் வெளியே போய்வருவதற்கான பகுதியிலும் குறைந்த வீதத்துக்குத் தகுதி உண்டு.

இன்றிரவே ஒரு கொப்பியில் எழுதத் தொடங்குங்கள். ஒரு கிழமைக்கு எத்தனை மணிக்கு எழும்பினான், என்ன நடந்தது, எவ்வளவு நேரம் எடுத்தது என்று குறித்து, அதையும் இணைத்து அனுப்புங்கள். பள்ளியில் விசேட தேவைகளுக்குப் பொறுப்பான ஆசிரியரிடமும் ஒரு கடிதம் கேளுங்கள். அவன் எப்படிப் படிக்கிறான் என்பதைவிட, யார் பக்கத்தில் இருந்து என்னென்ன உதவி செய்கிறார்கள் என்று அவர் எழுதினால்தான் பயன். ஆங்கிலத்தில் எழுதச் சிரமமென்றால் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அலுவலகத்தில் இலவசமாக உதவுவார்கள். மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் குடும்பங்களுக்கான 'கொன்டாக்ட்' என்ற தொண்டு நிறுவனத்தின் ஆலோசனைச் சேவையும் இலவசம்.

உங்கள் கணவரிடம் சொல்லுங்கள்: இது மகனுக்குரிய பணம். உங்கள் இருவரின் சம்பளமும் சேமிப்பும் இதற்குக் கணக்கில் வராது. இந்தத் தொகை வாங்குவதைக் கோவிலுக்கோ சொந்தக்காரருக்கோ யாரும் அறிவிக்கப்போவதில்லை. அவருடைய பயம் எனக்குப் புரிகிறது. அந்தப் பயத்தோடு என்னிடம் வந்த அப்பாமார் பலர். ஆனால் பேச்சுப் பயிற்சிக்கும் நீச்சல் வகுப்புக்கும் காசில்லாமல் தவிப்பது அந்தப் பிள்ளை அல்லவா?

நடுத்தர வீதமோ அதற்கு மேலோ கிடைத்தால், கிழமைக்கு 35 மணி நேரமாவது அவனைக் கவனிக்கும் உங்களுக்குப் பராமரிப்பாளர் உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கலாம். அது கிழமைக்கு 83.30 பவுண். வேலை செய்தால், வரி முதலியவை கழித்த பிறகு வருமானம் கிழமைக்கு 196 பவுணைத் தாண்டக்கூடாது. இவையும் 2025-26 கணக்குகள்.

கேள்வி: மகனுக்குச் சில மாதங்களில் 16 வயதாகிறது. டிஎல்ஏ நின்றுவிடுமா?
– ஒரு தந்தை, குரொய்டன்

பதில்: தானாகத் தொடராது, ஐயா. பிப் என்ற வேறொரு உதவித்தொகைக்குப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு அழைத்துக் கடிதம் வரும். அதில் குறித்த திகதிக்குள் விண்ணப்பித்துவிட்டால், முடிவு வரும்வரை டிஎல்ஏ பணம் நிற்காது. பணத்தைத் தானே நிர்வகிக்க அவனால் முடியாதென்றால், அவன் சார்பில் நீங்களே பொறுப்பாளராகத் தொடர விரும்புவதாக இப்போதே சொல்லுங்கள். பிப் புள்ளிக் கணக்கில் நடப்பது: அன்றாட வாழ்க்கைப் பகுதியில் 8 புள்ளிக்குச் சாதாரண வீதம், 12 புள்ளிக்கு உயர்ந்த வீதம். பழைய டிஎல்ஏ படிவத்தின் பிரதி இருந்தால் தேடி எடுத்து வையுங்கள். சமையல், பணக் கணக்கு, ஆட்களோடு பேசிப் பழகுவது என்று கேள்விகள் இந்த முறை மாறும்.