படகில் எர்த்தும் அரிப்பும்: கேள்வி பதில்

கேள்வி: ஜிங்க் மாட்டி ஒரு வருஷம் ஆகியும் புதுசு போலவே இருக்கிறது. நல்ல தரம்தானே?

இல்லை. ஜிங்க் என்பது ஷாஃப்ட் போன்ற மற்ற உலோகங்கள் அரிக்காமல் இருக்க, அவற்றுக்குப் பதிலாகத் தான் கரையும் துத்தநாகக் கட்டி (ஆனோடு). கரையாத ஜிங்க் வேலை செய்யாத ஜிங்க். படகைக் கரையேற்றி, மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து ஜிங்குக்கும் புரொப்பெல்லர் ஷாஃப்டுக்கும் நடுவே பாருங்கள். ஒரு ஓம் காட்டினாலே அதிகம். இடையில் பெயிண்டோ துருவோ இருக்கும். பளபளக்கும்வரை சுரண்டிவிட்டு முடுக்குங்கள். பாதி கரைந்ததும் மாற்றிவிடுங்கள். ஜிங்க் மேல் பெயிண்ட் அடிக்காதீர்கள்.

கேள்வி: ஆற்றுப் படகுக்கும் ஜிங்க்தானா?

நல்ல தண்ணீருக்கு மக்னீசியம், கடலுக்கு ஜிங்க், இரண்டும் கலக்கும் கழிமுகத்துக்கு அலுமினியம். மக்னீசியத்தோடு கடலுக்குப் போனால் சீக்கிரமே கரைந்து போகும்.

கேள்வி: கரையிலிருந்து படகுக்குக் கரண்ட் கொடுத்ததிலிருந்து மூன்றே மாதத்தில் ஜிங்க் காலி. பச்சை வயரைக் கழற்றினால் சரியாகும் என்கிறார் பக்கத்துப் படகுக்காரர். கழற்றலாமா?

கூடவே கூடாது. மாதம் தவறாமல் இந்தக் கேள்வி வருகிறது, மாதம் தவறாமல் இதே பதிலைத்தான் எழுதுகிறேன்.

அவர் சொல்லும் காரணம் சரி. பச்சை வயர்தான் எர்த் வயர். கரையின் எர்த் வயர் வழியாக எல்லாப் படகுகளும் ஒன்றோடொன்று இணைந்துவிடுகின்றன. உங்கள் ஜிங்க் அடுத்தவர் வெண்கலத்துக்கும் சேர்த்துக் கரைகிறது. ஆனால் அந்த வயரை எடுத்துவிட்டால், சார்ஜரிலோ ஹீட்டரிலோ கசியும் கரண்ட் இன்ஜின், ஷாஃப்ட் வழியாகத் தண்ணீருக்குள் இறங்கும். நல்ல தண்ணீரைவிட மனித உடம்பில் கரண்ட் சுலபமாகப் பாயும். இருபது மில்லி ஆம்பியர் போல இருந்தாலே தசை இறுகிப்போய், நீந்துகிறவர் கத்தக்கூட முடியாமல் மூழ்கிவிடுவார்.

ஒருமுறை ஒரு படகின் சார்ஜரைத் திறந்தேன். பச்சை வயரின் நுனியை மடித்து இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தார்கள். டேப் பிசுபிசுத்துக் கறுத்திருந்தது. சுற்றிப் பல வருஷம் ஆகியிருக்க வேண்டும். அந்தப் படகின் பின்பக்க ஏணியைப் பிடித்துத்தான் பிள்ளைகள் தண்ணீரிலிருந்து ஏறுவார்கள்.

பச்சை வயரில் கால்வனிக் ஐசொலேட்டர் மாட்டுங்கள். உள்ளே இருக்கும் டயோடுகள் ஒரு வோல்ட் சொச்சம்வரை தடுக்கும். உலோக அரிப்புக்கான வோல்டேஜ் அதற்குள்தான் அடங்கும். ஃபால்ட் கரண்ட் (கோளாறால் கசியும் கரண்ட்) வந்தால் தடையின்றிக் கரைக்குப் போய்விடும். வசதி இருந்தால், கரை வயரும் படகு வயரும் நேரடியாகத் தொடாமல் கரண்டை மட்டும் கடத்தும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இன்னும் நல்லது. கூடவே 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கரண்டைத் துண்டிக்கும் டிரிப்பரும் வேண்டும். மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பாருங்கள்.

கேள்வி: ஏசி எர்த்தையும் பாட்டரி நெகட்டிவையும் சேர்க்கலாமா?

சேர்க்க வேண்டும், ஒரே ஓர் இடத்தில்.

கேள்வி: படகில் ஷாக் அடிக்கிறது. காரணம் என்ன?

என்ன படகு, எதைத் தொட்டால் அடிக்கிறது, கரை கரண்டா, இன்வர்ட்டரா? ஒன்றுமே எழுதாமல் காரணம் கேட்டால் எப்படிச் சொல்வது? முதலில் கரையிலிருக்கும் பிரேக்கரை அணையுங்கள், இன்வர்ட்டரையும் நிறுத்துங்கள். யாரையும் தண்ணீரில் இறங்க விடாதீர்கள். எலக்ட்ரீஷியனை வரவழையுங்கள். பச்சை வயர் இருக்கிறதா என்று அவரை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: புது வெண்கல வால்வு, சில வாரத்திலேயே அரித்துவிட்டது. மட்டமான சரக்கா?

பித்தளையை வெண்கலம் என்று கொடுத்திருந்தாலும் இத்தனை வேகமாகப் போகாது. பில்ஜ் பம்ப் (படகின் அடியில் தேங்கும் தண்ணீரை வெளியேற்றும் பம்ப்) வயரின் ஜாயின்ட் அந்த அடித்தண்ணீரில் கிடக்கிறதா என்று பாருங்கள். பாட்டரியின் 12 வோல்ட் அங்கே கசிந்தால் உலோகத்தைத் தின்றுவிடும். ஜாயின்டைத் தண்ணீர் எட்டாத உயரத்துக்கு ஏற்றி, பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூடு காட்டினால் சுருங்கி இறுகும் குழாய்) போடுங்கள். வயர் வெள்ளீயம் பூசியதாக இருக்கட்டும்.

கேள்வி: அலுமினியப் படகுக்குச் செம்பு கலந்த பாசித்தடுப்பு பெயிண்ட் அடிக்கலாமா?

வேண்டாம். உப்புத் தண்ணீரில் செம்போடு சேர்ந்தால் அலுமினியம்தான் அரிக்கும். செம்பு இல்லாத பெயிண்டா என்று டப்பாவைப் படித்து வாங்குங்கள். அடிக்கும்போது ஆனோடுகளை டேப் ஒட்டி மறையுங்கள். படகை இறக்குமுன் டேப்பை உரித்துவிடுங்கள்.