கண்ணாடியை யாரிடமிருந்து மறைக்கிறாய்?

கேள்வி: எனக்கு வயது 25. கிட்டப்பார்வை, இரண்டு கண்ணிலும் மைனஸ் 6 பவர். ஆறு வாரத்தில் கல்யாணம். அதற்குள் கண்ணாடியை விட லேசர் சிகிச்சை செய்துகொள்ளலாம் என்றிருக்கிறேன். பி.ஆர்.கே., லேசிக், ஸ்மைல் மூன்றில் எது நல்லது? ஸ்மைல் செய்தால் இரண்டே நாளில் வெளியே தெரியாதாமே? பெண் பார்க்க வந்தபோது அம்மா சொன்னபடி லென்ஸ் போட்டிருந்தேன். நான் கண்ணாடி போடுவது மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியாது.
- பெயர் வேண்டாம், கும்பகோணம்

பதில்: எது நல்லது என்று ஆரம்பித்துவிட்டு, எது வெளியே தெரியாது என்பதில் வந்து நிற்கிறாய். கடைசி வரியில் காரணம் இருக்கிறது. எத்தனை பவுன் என்று இரண்டு வீட்டாரும் உட்கார்ந்து பேசியிருப்பீர்கள். கண்ணைப் பற்றிச் சொல்ல மட்டும் உன் அம்மாவுக்கு வாய் வரவில்லையா? தலையாட்டிய நீயும் சின்னக் குழந்தை இல்லை.

இந்தப் பொய்யை லேசர் காப்பாற்றாது. கருவிழியை, அதாவது கண்ணின் முன்பக்கம் மூடியிருக்கும் தெளிவான படலத்தை, அளப்பதற்கே ஒன்றிரண்டு வாரம் முன்பிருந்து லென்ஸைக் கழற்றிவைக்கச் சொல்வார்கள். லென்ஸ் கருவிழியின் வடிவத்தைச் சற்று மாற்றியிருக்கும், கணக்குத் தப்பும். அந்த நாட்களில் கூறைப்புடவை எடுக்க அவர்களோடு எப்படிப் போவாய்? சிகிச்சைக்குப் பிறகும் வாரக்கணக்கில் சொட்டு மருந்து. ஹோமப் புகையில் கண்ணைக் கசக்காமல் உட்காருவாயா? அதோடு, லேசர் செதுக்குவது கருவிழியை மட்டும்தான். கிட்டப்பார்வையால் நீண்டுபோன கண் நீண்டதாகவேதான் இருக்கும். விழித்திரை கிழியும் ஆபத்து அப்படியே இருப்பதால் வருடாவருடம் காட்ட வேண்டும். உன் பிள்ளைகளுக்கும் கிட்டப்பார்வை வரலாம். அதையும் ஒளிப்பாயா?

கண்ணாடிக்காகப் பெண்ணை வேண்டாம் என்கிற வீட்டுக்கு நான் என் மகளைக் கொடுக்க மாட்டேன். ஒளித்துக்கொண்டு வருகிற மருமகளும் எனக்கு வேண்டாம்.

சரி, முறைகள். அதை முடிவு செய்வது உன் கருவிழியின் தடிமன். சராசரி 540 மைக்ரான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்). ஒரு பவருக்கு 12 முதல் 15 மைக்ரான் செதுக்கினால் உனக்கு 72 முதல் 90 போய்விடும். லேசிக்கில் மேலே 100 மைக்ரான் அளவில் மூடிபோல் வெட்டித் திறந்து, உள்ளே செதுக்கி, மூடிவிடுவார்கள். மறுநாளே பார்வை தெளியும். ஆனால் நரம்புகள் அறுபடுவதால் கண் வறளும், பலமாக அடிபட்டால் மூடி நகரலாம். ஸ்மைலில் மூடி கிடையாது. உள்ளேயே ஒரு வில்லையை வெட்டி, 2 முதல் 4 மில்லிமீட்டர் கீறல் வழியாக உருவுவார்கள். வறட்சி கொஞ்சம் குறைவு, தெளிவு வரச் சில நாள் கூடலாம். பி.ஆர்.கே. பழைய முறை: மேல்படலத்தை வழித்துவிட்டுச் செதுக்குவது. மூன்று நான்கு நாள் வலிக்கும், பார்வை நிலைக்க வாரங்கள் ஆகும். கருவிழி மெலிந்தவர்களுக்குப் பெரும்பாலும் அதைத்தான் சொல்வார்கள். கருவிழி கூம்பாகும் நோயின் அறிகுறி தெரிந்தால் பொதுவாக மூன்றுமே கூடாது. உன் பவர் ஒரு வருடமாவது மாறாமல் இருக்கிறதா? அதை நீ எழுதவே இல்லை.

இந்த வாரமே அம்மாவைப் பேசச் சொல். மாட்டேன் என்றால் மாப்பிள்ளைக்கு நீயே போன் பண்ணு. லேசர் கல்யாணத்துக்குப் பிறகு இருக்கட்டும். பரிசோதனைக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போ. கர்ப்ப காலத்திலும் பால் கொடுக்கும்போதும் செய்ய மாட்டார்கள். அதையும் யோசித்து இருவருமாக நாள் பாருங்கள்.