மயில்கழுத்து கிட்டார்: நிறம் மாறும் கார் பெயிண்ட் அடிப்பது பற்றிக் கேள்வி பதில்

கும்பகோணம்: அண்ணே, பழைய எலக்ட்ரிக் கிட்டார் பாடிக்கு, கார்ல அடிக்கிற பச்சை-ஊதா மாறுற பெயிண்ட் அடிக்கணும். திருபுவனம் பட்டுல மயில்கழுத்து கலர் வருமே, இதுவும் அப்படித்தானா? பேர்ல் பெயிண்டும் இதுவும் ஒண்ணா?

பார்வைக்குச் சொந்தம், வேலையில் வேறு, தம்பி. மயில்கழுத்துப் பட்டில் பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். மடிப்பில் எது மேலே வருகிறதோ அது தெரியும். இந்தப் பெயிண்டிலோ நிறத்தைத் தருவது சாயமே அல்ல, கண்ணுக்குத் தெரியாத செதில்கள். நல்ல ரகத்தில் செதிலின் நடுவே அலுமினியம், அதன் இரு பக்கமும் மெக்னீசியம் புளோரைடு, அதற்கு மேல் ஒளி பாதி நுழையும் அளவுக்கு மெல்லிய குரோமியம். மேல்தட்டில் பட்டுத் திரும்பும் ஒளியும் உள்ளே போய்த் திரும்பும் ஒளியும் சேரும்போது சில நிறங்கள் தூக்கும், சில அடங்கும். சாய்த்துப் பார்த்தால் அந்தக் கணக்கு மாறி, பச்சை நீலமாகி ஊதாவாகும். மழைத்தண்ணீரில் சிந்திய பெட்ரோல் காட்டும் வண்ணமும் இதே சங்கதிதான். பேர்ல் என்பது மைக்காத் துகள் மேல் டைட்டானியம் டை ஆக்சைடு பூச்சு. மினுமினுக்கும், ஆனால் இந்தத் தாவல் வராது. 1996-இல் போர்டு மஸ்டாங் கோப்ரா காரில் 'மிஸ்டிக்' என்று வந்தது இந்த நிறம் மாறும் வகை.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: செதில்கள் படுத்த வாக்கில், எல்லா இடத்திலும் ஒரே அடர்த்தியில் படிய வேண்டும். கீழே வரும் பதில் எல்லாம் அதற்காகத்தான்.

திருவையாறு: அடியில கறுப்பு அடிச்சே ஆகணுமா? எங்கிட்ட வெள்ளை பிரைமர்தான் இருக்கு.

அடித்தே ஆக வேண்டும். செதில்களுக்கு நடுவே புகுந்து போகும் ஒளியைக் கறுப்பு விழுங்கிவிடும். வெள்ளை அதைத் திருப்பி அனுப்பி நிறத்தை வெளுக்கடித்துவிடும். வெள்ளை பிரைமர் இருந்தால் இருக்கட்டும், அதன் மேல் கறுப்பு பேஸ் கோட் இரண்டு கை அடியுங்கள். சொரசொரப்பான மேட் கறுப்பு வேண்டாம், செதில் அதில் ஒழுங்காகப் படுக்காது. பிரைமரை 800 வாட்டர் பேப்பர் வரை தேய்த்து முடியுங்கள். 320-இல் நிறுத்தினால் அந்தக் கீறல்கள் நிறத்துக்குள் கோடு கோடாகத் தெரியும்.

மன்னார்குடி: தஞ்சாவூர் வீணை பலா மரத்துலதானே செய்யறாங்க. அந்த மரத்துல கிட்டார் பாடி கடைஞ்சு இந்தப் பெயிண்ட் அடிக்கலாமா?

தாராளமாக. ஆனால் மரம் காய்ந்திருக்க வேண்டும். ஈரமானியில் 12 சதவீதத்துக்குக் கீழே வரட்டும். மானி இல்லையென்றால் வாரம் ஒரு தடவை எடை போடுங்கள். மூன்று வாரம் எடை குறையாமல் நின்றால் வேலையை ஆரம்பிக்கலாம். பலாவில் துளைகள் பெரிசு. சாதாரண என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) சாண்டிங் சீலர், அதாவது துளை அடைக்கும் அடிப்பூச்சு, அடித்து அவசரமாக மேலே போனால், நான்கைந்து மாதத்தில் பூச்சு துளைக்குள் இறங்கி, கண்ணாடி மாதிரி இருந்த முகப்பில் மர ரேகை எழும்பிவிடும். இரண்டு கூட்டு எப்பாக்ஸியை பழைய ஏ.டி.எம். அட்டையால் துளைக்குள் வழித்து அடைத்து, காய்ந்ததும் 240, பிறகு 320 உப்புத்தாளால் சமப்படுத்துங்கள். தேக்கு என்றால் அதற்கு முன் தின்னரால் எண்ணெயைத் துடைத்தெடுக்க வேண்டும்.

விளிம்பைக் கூர்மையாக விடாதீர்கள், குறைந்தது 3 மி.மீ. உருட்டுங்கள். கூர்மையான விளிம்பில் பெயிண்ட் நிற்காமல் விலகும், பின்னால் தேய்க்கும்போது முதலில் அறுபடுவதும் அந்த இடம்தான். அதோடு, இந்த நிறம் விளையாடுவது வளைவில். பலகை மாதிரித் தட்டையான பாடியில் ஒரே நேரத்தில் ஒரு நிறம்தான் தெரியும். கை வைக்கும் இடமும் வயிறு படும் இடமும் செதுக்கிய பாடியில் மூன்று நிறம் சேர்ந்து ஓடும். இந்தப் பெயிண்டின் விலைக்கு அந்த வளைவு இருந்தால்தான் நியாயம்.

மயிலாடுதுறை: சார், எவ்வளவு வாங்கணும், எப்படி அடிக்கணும்னு அளவோட சொல்லுங்க.

சாதாரண பாடிக்கு முன், பின், பக்கம் சேர்த்து கால் சதுர மீட்டருக்குச் சற்று அதிகம் வரும். ஸ்ப்ரே கன்னில் வீணாவதையும் சேர்த்து, தின்னர் கலந்த நிலையில் கறுப்பு 150 மில்லி, நிறம் மாறும் பெயிண்ட் 250 மில்லி, எல்லாவற்றுக்கும் மேல் கண்ணாடிப் பூச்சாக வரும், ஹார்ட்னர் (இறுக வைக்கும் திரவம்) கலந்த 2கே (இரண்டு கூட்டு) கிளியர் 300 மில்லி போதும். தூளாக வாங்கினால் 150 மில்லி பைண்டருக்கு 5, 6 கிராம் என்று தொடங்கி, வடிகட்டி ஊற்றுங்கள். கலக்கும் விகிதத்துக்கு அந்தந்த டப்பாவில் இருப்பதே சட்டம்.

கழுத்து பொருந்தும் குழிக்கு மாஸ்கிங் டேப் ஒட்டி, அதே திருகுத் துளைகளில் ஒரு மரச்சட்டத்தை முடுக்கிக் கைப்பிடி ஆக்கிக்கொள்ளுங்கள். 1.0 அல்லது 1.2 மி.மீ. நாசில் உள்ள சின்ன கன், காற்றழுத்தம் 25 பி.எஸ்.ஐ., தூரம் 15 செ.மீ. ஒவ்வொரு இழுப்பும் முந்தையதில் பாதியை மூடட்டும். முதலில் பக்கங்கள், பிறகு பின்புறம், கடைசியாக முகப்பு. ஈரமாகக் கொட்டாமல் மெல்லிசாக நான்கைந்து கை, நடுவே பத்து நிமிடம். ஒரு கை நீளவாக்கில் என்றால் அடுத்தது குறுக்கே. செதில் அடியில் தங்கும், அதனால் ஒவ்வொரு கைக்கும் முன் கோப்பையைச் சுழற்றுங்கள்.

முதலில் ஒரு பழைய சொம்புக்குக் கறுப்படித்து அதில் பழகுங்கள். எத்தனை கையில் கறுப்பு மறைகிறது என்று அதன் வளைவு காட்டிக்கொடுக்கும்.

நாகப்பட்டினம்: முகப்புல மேகம் மாதிரித் திட்டுத் திட்டா வந்திருச்சு. கிளியர் இன்னும் அடிக்கல.

நல்லவேளை. ஓரிடத்தில் ஈரம் கூடி, செதில்கள் மிதந்து ஒன்றுசேர்ந்துவிட்டன. பூச்சு மங்கிக் காயும் வரை விட்டு, காற்றை 15 பி.எஸ்.ஐ.க்குக் குறைத்து, 30 செ.மீ. தள்ளி நின்று, புகை போல ஒரு கை முழு முகப்புக்கும் தூவுங்கள். திட்டுக்கு மட்டும் தூவினால் அது வேறு நிறமாகத் தனித்துத் தெரியும். இந்தப் பூச்சை உப்புத்தாளால் தொடவே கூடாது. செதிலின் மேல்தட்டு அறுந்தால் அங்கே செத்த சாம்பல் நிறம்தான்.

திருத்துறைப்பூண்டி: அண்ணே, வீட்டைச் சுத்தி வயல். எந்த மாசத்துல அடிக்கலாம்?

ஐப்பசி, கார்த்திகையில் வேண்டாம். தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் இறங்கிப் பூச்சு பால் போல வெளுக்கும். 2கே ஹார்ட்னரும் ஈரத்தோடு சேர்ந்து குமிழி விடும். கம்ப்ரஸரில் தண்ணீர் பிரிப்பான் எல்லா மாதமும் கட்டாயம். மார்கழியில் பனி விலகி வெயில் ஏறிய பிறகு அடிக்கலாம். தை அறுவடையில் பதர்த் தூசி பறக்கும். சித்திரை வெயிலில் பெயிண்ட் பாதி வழியிலேயே காய்ந்து மணலாக விழும், செதில் படுக்காது. அப்போது மெதுவாகக் காயும் தின்னர் வேண்டும். மாசி, பங்குனி, காலை பத்து முதல் மதியம் வரை நம் பக்கத்துக்குச் சரி.

சாயங்காலம் விளக்குப் போட்டு அடிக்காதீர்கள். பயிர் நிற்கும் காலத்தில் பச்சைத் தத்துப்பூச்சி விளக்குக்கு வந்து ஈரக் கிளியரில் உட்காரும். உட்கார்ந்தால் அதை எடுக்கப் போகாதீர்கள். முழுக்கக் காய்ந்ததும் தேய்த்து எடுத்துக்கொள்ளலாம்.

பட்டுக்கோட்டை: மூக்குல கைக்குட்டை கட்டிக்கிட்டா போதாதா?

போதாது. 2கே ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது. ஒருமுறை உடம்பு அதை ஏற்காமல் போனால் ஆஸ்துமா வரும், பிறகு துளி பட்டாலும் மூச்சு இழுக்கும். துணி மாஸ்க்கும் என்95-உம் தூசிக்குத்தான், இந்த ஆவியைத் தடுக்காது. வெளிக்காற்றைக் குழாய் வழியே தரும் முகமூடியும் கையுறையும் இல்லையென்றால், கறுப்பும் நிறமும் நீங்கள் அடியுங்கள், கிளியரை மட்டும் பெயிண்ட் பூத் (பெயிண்ட் அடிக்கும் மூடிய அறை) வசதியுள்ள கார் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. பட்டறையில் டேஷ்போர்டு பாலிஷ் அடிக்கிற பக்கம் வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள், சிலிக்கான் பட்டால் கிளியரில் மீன்கண், அதாவது வட்ட வட்டக் குழி, விழும். தலைக்கு எண்ணெய் வைத்த கையால் பாடியைத் தொட்டாலும் அதே கதி.

திருவாரூர்: கிளியர் தேய்க்கும்போது விளிம்புல கறுப்பு தெரிஞ்சிடுச்சு. டச்சப் பண்ணலாமா?

இந்த நிறத்தில் டச்சப் ஒட்டாது தம்பி. அந்தப் பக்கம் முழுவதையும் 800-இல் மங்கடித்து, கறுப்பு, நிறம், கிளியர் என்று மறுபடி போக வேண்டும். அடுத்த முறை கிளியர் மூன்று கை அடித்து, ஒரு வாரம் விட்டு, 1500, 2000, 3000 என்று தண்ணீரோடு தேய்த்து ரப்பிங் காம்பவுண்டு போடுங்கள். விளிம்புகளில் 1500 வேண்டாம், நேரே 3000 போதும்.

தஞ்சாவூர்: அண்ணா, மாட்டும்போது திருகைச் சுத்தி பூச்சு தெறிக்குதே? சத்தமும் மாறிடுமா?

சத்தம் மாறாதும்மா. பிக்கப் என்ற காந்தச் சுருள், கம்பியின் அதிர்வைத்தான் எடுக்கிறது, மெல்லிய பூச்சுக்கு அதில் பங்கு சொற்பம். தெறிப்பதற்குக் காரணம், திருகு இழை கிளியரைப் பிடித்து மேலே தூக்குவது. துளை வாயை கவுன்டர்சிங்க் பிட்டால் கையாலேயே சுற்றி, பூச்சு முழுதும் விலகும் வரை சரித்துவிடுங்கள். திருகில் மெழுகு தடவி, மெதுவாக முடுக்குங்கள். பிரிட்ஜ் (கம்பிகளைத் தாங்கும் பாகம்) மாட்டும் புஷ்ஷை அடித்து இறக்குவதற்கு முன், துளைக்குள் படிந்த பெயிண்டைச் சுருட்டிய உப்புத்தாளால் எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் அங்கேயும் விரிசல் ஓடும். கழுத்துக் குழியின் டேப்பை, கடைசிக் கிளியர் இறுகுவதற்குள் உரிப்பது நல்லது. இறுகிவிட்டால் ஓரத்தை பிளேடால் கீறிவிட்டு உரியுங்கள்.