மாத்திரையில் மிச்சம் பிடிக்கலாமா?

கேள்வி: எனக்கு 66 வயது, தண்டையார்பேட்டை. மகளும் மருமகனும் விபத்தில் போய்விட்டார்கள். பேரன் 11, பேத்தி 8, எங்களோடுதான். சொந்த வீடு, பென்ஷன் ரூ.3,000, வங்கியில் 9 லட்சம். எனக்கு இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. செலவைக் குறைக்க மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போடுகிறேன். 9 லட்சத்தையும் பிள்ளைகள் பெயரில் டெபாசிட் போடலாமா?

பதில்: ஐயா, வேண்டாம். முதலில் மாத்திரையைப் பேசுவோம். ஸ்டென்ட் வைத்தவர் ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரையைத் தானாகக் குறைத்தால் ஸ்டென்டே அடைத்துக்கொள்ளலாம். டாக்டர் சொல்லாமல் எதையும் நிறுத்தாதீர்கள். மிச்சம் பிடிக்க வேறு வழி பக்கத்திலேயே இருக்கிறது. ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் இதயப் பிரிவு உண்டு, மாத்திரைக்குக் காசு இல்லை. பழைய டிஸ்சார்ஜ் சம்மரியோடு போய்ப் பதிவு செய்யுங்கள். உங்கள் வீட்டு அம்மாவுக்கு பி.பி., சுகர் இருந்தால் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர்கள் வீட்டுக்கே கொண்டுவந்து தருவார்கள்.

அப்புறம், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை. குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை. குடும்ப வருமானம் வருடம் ரூ.1,20,000-க்குள் இருக்க வேண்டும். ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றோடு ராஜாஜி சாலை கலெக்டர் ஆபீஸுக்குப் போங்கள். இது கைக்கு வராமல் தனியார் பாலிசிக்குப் பணம் கட்டாதீர்கள். ஏற்கெனவே உள்ள இதய நோய்க்கு அதில் மூன்று வருடம் வரைகூடக் காக்க வைப்பார்கள்.

9 லட்சத்தில் 2 லட்சம் சேமிப்புக் கணக்கிலேயே இருக்கட்டும், அம்மாவும் தனியாக எடுக்கும்படி கூட்டுக் கணக்காக. ராத்திரி நெஞ்சு வலித்தால் 108-க்குப் போன் போடுவதும், ஏ.டி.எம்.மில் பணம் எடுப்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மீதி 7 லட்சத்தைத் தபால் ஆபீஸ் மூத்த குடிமக்கள் திட்டத்தில் போடுங்கள். 8.2% வட்டியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரூ.14,350 வரும். பென்ஷனைச் சேர்த்தாலும் வருடம் ரூ.93,400-தான், காப்பீட்டு வரம்பைத் தாண்டாது. முதல் அப்படியே நிற்கும், பேரன் காலேஜ் போகும்போது எடுக்கலாம்.

பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு ‘அன்புக் கரங்கள்’ திட்டத்தில் 18 வயது வரை மாதம் ரூ.2,000 உண்டு. இதற்கு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பியுங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை, பிள்ளைகளின் பணம் அது.

பேரப்பிள்ளைகளை நாமினியாகப் போட்டால், மைனர் என்பதால் அவர்கள் சார்பில் பணம் வாங்கப் பெரியவர் ஒருவரின் பெயரும் கேட்பார்கள். உங்கள் வயதுக்காரரை எழுதாதீர்கள். தம்பி மகன் மாதிரி இளையவர் யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுதுங்கள்.